லாஸ்ட் போஸ்ட் எனக்காக்கும்

மாலை நான்கு பத்துக்கு மகனின் குரல்பதிவு வந்தது. "அம்மா, இன்னைக்கி லாஸ்ட் போஸ்ட் எனக்காக்கும். பெறவு விளிக்கேன்." திரும்ப அழைத்தேன். போன் அணைந்திருந்தது.

அவன் பட்டாளத்தில், எல்லையோர முகாமில் இருக்கிறான். போஸ்ட் என்றால் காவல்சாவடி. கடைசிச் சாவடிக்கு அனுப்புகிறார்களோ என்றுதான் முதலில் நினைத்தேன். நான் பள்ளி ஆசிரியை. தெரியாததைத் தேடாமல் விட வராது. தேடினேன்.

அது ஓர் எக்காள இசையாம். பழைய படைப் பாளையங்களில் பொழுதடைந்ததும் ஓர் அதிகாரி காவல்சாவடிகளைச் சுற்றிவருவார். கடைசிச் சாவடியும் சரியாக இருந்தால் எக்காளம் முழங்கும். காவல் உறுதி, இனி உறங்கலாம் என்று பொருள். பிற்பாடு அதையே இறந்த வீரனின் அடக்கத்திலும் ஊதத் தொடங்கினார்கள். அவன் காவல் முடிந்தது.

அதற்குமேல் படிக்கவில்லை. எங்கள் சபையில் கடைசி எக்காளம் என்றால் மரித்தோர் எழுந்திருப்பது. இங்கே அடக்கம். போன வாரம் பேசியபோதே அவன் குரல் சோர்ந்திருந்தது. சொல்லிவிட்டுப் போகிறானா?

அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பதில்லை என்று முடிவெடுத்தேன். அவன் பிரிவுக்காரர் ஒருவர் விடுப்பில் பக்கத்து ஊரான புதுக்கடைக்கு வந்திருந்தார். ஆட்டோ பிடித்துப் போனேன். வாசலில் அவர் மனைவிதான் நின்றார்.

"மீனு வாங்கப் போயிருக்காரு. போனையும் வச்சிட்டுல்லா போனாரு. இரிங்க டீச்சரே, மொகம் ஏன் இப்பிடி வெளுத்திருக்கு?"

"இரிக்கதுக்கு வரல்ல. சந்தை எந்தப் பக்கம்? நானே போறேன்."

"மீன்காரியள்ட்ட வெல பேச நின்னா அவரு லேசுல வரமாட்டாரு..."

நான் தெருவில் இறங்குவதற்குள் அவர் பைக் வந்து நின்றது. குரல்பதிவை ஓடவிட்டு நீட்டினேன். மீன் பையைக் கீழே வைக்காமலே கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அய்யோ டீச்சரே, எக்காளம் ஊதுக முறை அவனுக்குன்னாக்கும் சொல்லுகான். பேண்டுல சேந்து மூணு மாசமாச்சு. கொயர்ல சுருதி சேராதவனாம், சொன்னா நீங்க களியாக்கிச் சிரிப்பீங்கன்னு சொல்லல்ல."

போனைத் திரும்ப வாங்கினேன். "அப்போ... ஆருக்கு ஊதுகான்?"

அவர் சிரிப்பு நின்றது. "நேத்து வண்டி கவுந்து எங்க பிரிவுப் பையன் ஒருத்தன் போயிட்டான். இவனுக்க கட்டிலுக்கு அடுத்த கட்டிலு. போன அணைச்சுதான் மரியாதைக்கு நிப்போம். ஒங்க மோன் அழாம இருக்கணும்னு ஜெபிங்க, டீச்சரே. அழுதா எக்காளத்துல காத்து நிக்காது."