மூன்றாவது வயர்

உஸ்தா வஹீபா மெஷினைப் பார்ப்பதற்கு முன் கால்களைத்தான் பார்ப்பாள். "இதத் தெனமும் தொடுறது யாரு? காலக் காட்டு." அன்று நீண்டவை சலவைக்காரி ஸபாஹின் வெறுங்கால்கள், சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்தவை. சலவைக் கடை முதலாளி ஹாஜி ஷுக்ரியின் கால்களில் பளபளக்கும் தோல் ஷூ.

அலெக்ஸாந்திரியாவில் துறைமுகத்தை ஒட்டிய எந்தச் சந்திலும் அவளைக் கரண்ட் வேலை பார்க்கும் உஸ்தாவாக, மேஸ்திரியாக, தெரியும். காதில் செருகிய டெஸ்டர், சட்டைப் பையில் வறுத்த பூசணி விதை. தொலி இன்னொரு பைக்குப் போகும். பிறர் தரையில் விழாது. 'மேடம்' என்றால் முறைப்பாள். "மேடம்னா டீ குடுத்து அனுப்பிடுவான். உஸ்தான்னு கூப்பிடு, வேலையப் பேசுவோம்."

சலவை மெஷின்மேல் கண்திருஷ்டிக்கான ஒரு நீல மணி தொங்கியது. ஒரு வாரமாக மெஷினைத் தொட்டாலே ஸபாஹின் கையை ஷாக் சுண்டி இழுத்தது.

"கண்ணு பட்டிருக்கு, உஸ்தா" என்றார் ஹாஜி.

"பட்டா உங்களுக்குல்ல படணும் ஹாஜி? மெஷின் உங்களோடது. என்னை ஏன் அடிக்குது?" என்றாள் ஸபாஹ்.

வஹீபா பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வயரின் நடுவே இருந்த ஸ்விட்சைத் திறந்தாள். மேசை விளக்குக்குப் போடும் சின்ன ஸ்விட்ச்; இரண்டு வயருக்குத்தான் இடம். மூன்றாவதான பச்சை மஞ்சள் எர்த் வயரை நறுக்கி, டேப் சுற்றி மடக்கியிருந்தார்கள்.

"யாரு வெட்டச் சொன்னது?"

"நான்தான். அது சும்மாதானே கெடக்குது."

"உங்க வீட்டு ஃப்ரிஜ்லயும் வெட்டியாச்சா?"

"சேச்சே, பசங்க தொடுவாங்களே!"

"ஸபாஹும் ஒருத்தி பெத்த பொண்ணுதான், ஹாஜி."

வஹீபா வேலையில் இறங்கினாள். மெஷினுக்குள் தோல் உரிந்து தகரத்தில் உரசிய வயரை மாற்றினாள். வெட்டுப்பட்ட நீள வயரையே தூக்கி எறிந்தாள். புதியதில், மெஷினின் பளுவைத் தாங்கி இரண்டு வயரையும் ஒன்றாகத் துண்டிக்கும் ஸ்விட்சைப் பொருத்தினாள். எர்த் மட்டும் அதனுள் வெட்டுப்படாமல் நேராகப் போனது. வயரைப் பலங்கொண்டு இழுத்தாள். ஸ்விட்சின் பிடி விடவில்லை. சுவரிலிருந்த பிளக் பாயிண்ட்டில் எர்த் உயிரோடிருக்கிறதா என்று மீட்டரில் பார்த்தாள். மெஷினை ஓடவிட்டு, அதன் உடம்பிலும் மீட்டரை வைத்தாள். முள் அசையவில்லை.

"ஸபாஹ், தொட்டுப் பாரும்மா" என்றார் ஹாஜி.

வஹீபா குறுக்கே கையை நீட்டினாள். தன் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டு, ஈரத்தில் நின்று, ஓடும் மெஷின்மேல் உள்ளங்கையை வைத்தாள். ஒரு விதையைக் கடித்து முடிக்கும்வரை எடுக்கவில்லை.

பிறகு வாசலுக்குப் போய், இன்னொரு ஜோடிக்கு இடம் வரும்படி செருப்பைக் காலால் ஒதுக்கி வைத்துவிட்டு, ஹாஜியின் ஷூவைப் பார்த்தாள்.