பாதியில் நின்ற ஸ்தோத்திரம்

கடந்த ஆண்டு ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. போடியில் எங்கள் தேவாலயத்தில் காலை ஆராதனை. அன்று நான் எப்படி எழுந்து பேசினேன் என்று இன்றைக்கும் எனக்கே ஆச்சரியம்.

கடைவீதியில் எங்களுக்குப் பாத்திரக் கடை. வியாபாரம் செய்கிறவள் என்பதால் எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். ஆண்டவரிடமும் அப்படித்தான். குக்கருக்கு வளையம் மாட்டும்போதும், பஸ்ஸில் தேனிக்குப் போகும்போதும் அவரிடம் எதையாவது பேசிக்கொண்டே இருப்பேன். பெரிய ஜெபக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். பாதி புலம்பல், பாதி பேரம்.

அந்த வருடத் தொடக்கத்தில் என் ஒரே தம்பி மஞ்சள்காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தான். சபையே உபவாசம் இருந்து ஜெபித்தது. நன்மை கிடைத்தவர்கள் ஆராதனையில் எழுந்து சாட்சி சொல்வது எங்கள் வழக்கம். விசுவாசம் மிகுந்த சிலர், கிடைப்பதற்கு முன்பே கிடைத்துவிட்டதாகச் சொல்லி நன்றி செலுத்துவதும் உண்டு. ஒரு ஞாயிறு எனக்கும் அந்த வேகம் வந்துவிட்டது. எழுந்து, "என் தம்பி சுகமாயிட்டான்" என்றேன். "ஸ்தோத்திரம்!" என்று சபை முழங்கியது.

என் வார்த்தையை நம்பி, வீட்டுக்குத் திரும்பும்போது அவன் போட்டுக்கொள்ள ஒரு சட்டையை இஸ்திரி போட்டு ஆஸ்பத்திரிப் பையில் வைத்தாள் தம்பி மனைவி. அடுத்த ஞாயிறு வருவதற்குள் அவன் போய்விட்டான். அந்தச் சட்டையைப் போட்டுத்தான் அவனை அனுப்பி வைத்தோம்.

யாரும் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "ஆண்டவர் சித்தம் தாயி" என்று தோளைத் தட்டினார்கள். ஒருவர் மட்டும், "விசுவாசத்துல எங்கிட்டாச்சும் கொற இருந்துச்சான்னு யோசிச்சுப் பாரும்மா" என்றார். அவரைத் திருப்பிக் கேட்க எனக்கு ஆயிரம் இருந்தது.

தம்பியைத் தேடும் ஏக்கம் எல்லோருக்கும் புரியும். எனக்கு இன்னொரு ஏக்கமும் இருந்தது. அதை வெளியே சொல்லவே கூச்சம். ஆண்டவரோடு பேசிக்கொண்டிருந்த அந்தப் பழைய பேச்சு எனக்கு வேண்டும் போலிருந்தது. முழங்கால் போட்டால் நாக்கு எழவில்லை. பாட்டு நேரத்தில் உதடு மட்டும் அசையும். இப்படி வேஷம் போடுவதற்குக் கோயிலுக்கு வராமலே இருந்துவிடலாம் என்று முடிவு செய்து, கடைசியாக ஒரு தடவை என்று வந்த ஞாயிறுதான் அது.

சாட்சி நேரம் வந்ததும் என்னை அறியாமல் எழுந்துவிட்டேன்.

"எங்கிட்ட சாட்சி இல்ல, கேள்விதான் இருக்கு. அத்தன பேரு அழுது கேட்டோமே, என் தம்பிய ஏன் எடுத்துக்கிட்டாரு? நாம அழுதது அவருக்குக் கேக்கலையா, இல்ல கேட்டும் சும்மா இருந்தாரா?"

பின்வரிசையில் யாரோ பழக்கதோஷத்தில் "ஸ்தோத்..." என்று ஆரம்பித்து மீதியை விழுங்கிக்கொண்டார். வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன். உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது எங்கள் சபையின் ஜீப் டிரைவர் எழுந்தார். ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு தினமும் போடிமெட்டு மலை ஏறுகிறவர். மலைப்பாதை வளைவு ஒன்றில் உருளப்போன தன் ஜீப்பைக் கர்த்தர் காப்பாற்றிய கதையைச் சாட்சியாகச் சொல்லிச் சொல்லியே எங்களைத் தூங்க வைப்பவர். என்னைக் கண்டிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"அக்கா கேட்டுட்டாக, நானும் கேக்குறேன். கர்த்தர் என்னையக் காப்பாத்துனாருன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன். அதே வளைவுல உருண்ட ஜீப்புல இருந்த பொம்பளைகளும் ஜெபம் பண்ணித்தான ஏறியிருப்பாக? அவுகள ஏன் விட்டாரு? ஒவ்வொரு தடவ சாட்சி சொல்லிட்டு உக்காரும்போதும் இது நெஞ்சுல குத்தும். சொன்னா அவிசுவாசிம்பீகன்னு பேசாம இருந்தேன்."

அவ்வளவு பெரிய ஆள், குரல் உடைந்து உட்கார்ந்தார்.

போதகர் பிரசங்க மேடையில் இருந்து இறங்கி வந்து, எங்களோடு முன்பெஞ்சில் உட்கார்ந்தார். "எனக்கும் தெரியலம்மா. இத்தன நாளும் தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன். ஆனா இதக் கேக்கணும்னு நீங்க யாரும் வெளிய போக வேணாம். இங்கனயே கேளுங்க" என்றார்.

பிறகு ஜெபிக்கத் தலை குனிந்தார். அவர் ஜெபம் ஆரம்பித்தால் அடுப்பில் வைத்துவிட்டு வந்த குழம்பு ஞாபகம் வந்துவிடும், அவ்வளவு நீளம். அன்று, "ஆண்டவரே, இவுக கேட்டது உம்ம காதுல விழுந்துச்சா?" என்று ஒன்றுதான் கேட்டார். ஆமென்கூடச் சொல்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த தம்பி மனைவி என் மடியில் முகம் புதைத்து வாய்விட்டு அழுதாள். அவளை யாரும் அடக்கவில்லை.

வெளியே வரும்போது இரண்டு பேர் எனக்கு முகம் கொடுக்காமல் போனார்கள். போகட்டும். பதில் இன்றுவரை வரவில்லை. தம்பி வயதுக்காரர் யாராவது கடைக்கு வந்து "அக்கா" என்றால், அவன்தான் என்று சட்டென்று நிமிர்ந்து பார்ப்பதும் நிற்கவில்லை. ஆனால் மறுநாள் காலையிலேயே, அண்டாவைத் துடைத்துக்கொண்டிருந்தவள், "ஏன் இப்படிச் செஞ்சீரு?" என்று ஆண்டவரோடு சண்டை பிடிக்க ஆரம்பித்துவிட்டேன். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. அன்று யாராவது என் வாயை அடைத்திருந்தால், தம்பியோடு சேர்த்து அவரையும் அல்லவா இழந்திருப்பேன்!