செவ்வாப்பேட்டையில் நறுக்கிய காய்

செவ்வாப்பேட்டை ஸ்டேஷன் வாசலில் சாயங்காலம் நறுக்கிய காய் விற்றவள் குப்பம்மாள். மெட்ராஸில் வேலை முடிந்து ரயிலில் திரும்பும் பெண்கள் அவளிடம் வாங்கிப்போய் அப்படியே அடுப்பில் ஏற்றுவார்கள். கத்தி பட்ட காய் சும்மா இருக்காது என்பது அவளுக்கு முதல் வாரமே தெரிந்துபோனது. கத்தரிக்காய் கறுக்கும், வாழைத்தண்டு சிவக்கும், கேரட் வெளுத்து வறளும். அரிவாள்மணை மழுங்கியிருந்தால் காய் நசுங்கி இன்னும் வேகமாகக் கெடும். அதனால் மணையை நன்றாகத் தீட்டிக்கொண்டு, வெயில் தாழ்ந்த பிறகுதான் நறுக்க உட்காருவாள். கத்தரிக்காயை உப்புத் தண்ணீரிலும் தண்டை மோரிலும் போட்டுவைப்பாள்.

அவள் புருஷன் கலியன் ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேன். 1974 மே மாதம் வேலைநிறுத்தம் தொடங்குவதற்கு முந்தின நாள், "நாளிக்கு நறுக்காத. வண்டி வராது" என்றான்.

"ஒண்ணு ரெண்டாவது வராதா?" என்றாள் அவள்.

மறுநாள் அவள் மணையில் உட்கார்ந்திருந்தபோது போலீஸ்காரர்கள் வந்து கலியனை ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மிச்சக் காயையும் நறுக்கினாள். தண்ணீரை வடித்துக் கூடையில் அள்ளிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். இருட்டும்வரை ஒரு வண்டியும் வரவில்லை.

ரயில்வே குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியபோது பக்கத்து வீட்டுச் சாராள் வாசலில் நின்றிருந்தாள். அவள் புருஷனும் ரயில்வேதான். போலீஸுக்குப் பயந்து தலைமறைவாகியிருந்தான்.

"அண்ணனை இட்டுக்கினு போயிட்டாங்களாமே அக்கா."

"ஆமா. உன் ஊட்ல இன்னா ஆக்கின?"

"அரிசி கீது. கொழம்புக்கு ஒண்ணுமில்ல."

குப்பம்மாள் கூடையை இறக்கினாள். சாராள் எட்டிப் பார்த்தாள். "எல்லாம் கறுத்துப்போச்சே."

"கறுத்துதான் கீது. கெடல. புளி ஊத்தினா தெரியாது."

இருவரும் பெரிய குண்டானில் குழம்பு வைத்தார்கள். ஆண்கள் இல்லாத மற்ற வீடுகளிலிருந்தும் பெண்கள் பாத்திரத்தோடு வந்தார்கள். கடைசியில் தன் தட்டில் சோற்றைப் பிசைந்தபோதுதான் குப்பம்மாளுக்கு அழுகை வந்தது. சாராள் நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மே முடிவதற்குள் போராட்டம் ஓய்ந்தது. கலியன் வெளியே வந்தான், வேலை போயிருந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்து ஒரு குடிசைக்குப் போனார்கள். அங்கே குப்பம்மாளின் கூடைதான் அடுப்பை எரியவைத்தது. கலியன் காய் கழுவிக் கொடுப்பான், பேச்சு குறைந்துவிட்டது. தண்டவாளத்தில் வண்டிச் சத்தம் கேட்டால் மட்டும் தலையைத் தூக்குவான்.

எழுபத்தேழில் ஆட்சி மாறியதும் அவனுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. "இனிமே நீ ஸ்டேஷன்ல போய்க் குந்த வேணாம்" என்றான்.

"ஆபீஸ் பொம்பளைங்க எதிர்பார்த்துக்கினு இருப்பாங்க" என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள்.