மஞ்சள் துணி கட்டிய சர்வே கட்டை

மலேசியாவில் கூலிமிலிருந்து செர்டாங் போகும் வழியில், எண்ணெய் எடுக்கும் செம்பனைகளுக்கு நடுவே ஒரு முனியாண்டி கோயில். கடந்துபோகும் லாரிகள் ஹாரன் அடித்துக் கும்பிடு போடுகின்றன. நான் பக்கத்துத் தேநீர்க் கடையில் காரை நிறுத்துகிறேன்.

சாலையோரம் இரண்டு மலாய்த் தொழிலாளர்கள் சர்வே கட்டைகளைப் பிடுங்கி லாரியில் போடுகிறார்கள். விமான நிலையத்துக்குப் புதுச் சாலை போட அடித்த கட்டைகள். அவற்றில் ஒன்று கோயில் வாசலிலேயே நிற்கிறது.

"என்னக்கா, பிடுங்குறாங்க?"

கடைக்காரர் சரோஜா அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "புது ரோடு இல்லையாம் தம்பி. இனிமே இருக்கிற ரோட்டத்தான் மொதல்ல சரி செய்யணுமாம். அதுக்கு வச்சிருந்த டூயிட்டு, காசு எல்லாம் இந்தக் குண்டுகுழிக்கு வந்துருச்சு. கோயில் தப்பிச்சது லா!"

வாசல் கட்டையருகே வந்த தொழிலாளர்கள் தயங்கி நிற்கிறார்கள். அதில் மஞ்சள் துணி, குங்குமம், எலுமிச்சம்பழம். சாமி பொருளைத் தொட மாட்டோம் என்று மலாயில் சொல்கிறார் மூத்தவர்.

அக்கா தலையில் அடித்துக்கொள்கிறார். "இந்தக் கட்டை போகணும்னு வேண்டிக்கிட்டு நான்தான் கட்டினேன். இப்போ இதையே சாமியாக்கிட்டேன் போல!"

அவரே துணியை அவிழ்த்து, கட்டையை ஆட்டி ஆட்டிப் பிடுங்கி லாரியில் வைக்கிறார். லாரி கிளம்புகிறது. வீட்டுக்கு வந்தவர்களை வழியனுப்பும் பழக்கத்தில் கையசைக்கிறார்.

"போயிட்டு வா!"

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு, லாரிக்குப் பின்னால் நாலடி ஓடுகிறார்.

"ஐயையோ, வந்துறாதே! போ, அப்படியே போயிரு!"