பெரிய மாமாவின் காதும் ஒரு கதவும்

எங்கள் பெரிய மாமாவுக்கு, அதாவது மூத்த அக்கா வீட்டுக்காரருக்கு, கார் கதவுதான் தொழில். இடிபட்ட வண்டிகளைச் சரிசெய்யும் பட்டறையில் இருபத்திரண்டு வருடமாகக் கதவு பொருத்துகிறார். கதவு அரை நூல் அளவு தொங்கினாலும் சாத்தும் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். சேற்றுக் காலோடு பள்ளிக்கூடம் போய், எங்கள் வம்சத்திலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான், அதுவும் இயந்திரவியலில். இருந்தும் அந்தக் காதுக்கு முன்னால் என் சான்றிதழ் கைகட்டித்தான் நிற்கும்.

ஞாயிறு காலைகளில் கார்ப் பிரியர்கள் பழைய கிடங்கு மைதானத்தில் கூடுவார்கள். நம் நாட்டு வண்டிகள் ஒரு வரிசை, ஜப்பான் ஒரு வரிசை, ஜெர்மன் ஒரு வரிசை. ஊர்வலம் புறப்படும் முன் ஒரு போட்டி உண்டு. வரிசைக்கு ஓர் ஆள் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். பின்னால் டயர்க் கடைக்காரர் ஏதாவது ஒரு வண்டியின் கதவைச் சாத்துவார். எந்த நாட்டு வண்டி என்று சொல்ல வேண்டும். ஜெயித்தவர் வண்டிதான் ஊர்வலத்தில் முன்னால் போகும். ஒன்பது வருடமாகப் பெரிய மாமாவின் கிழட்டு உள்நாட்டு வண்டியே முன்னால் போனது.

அப்போதுதான் சின்ன மாமா, இரண்டாவது அக்கா வீட்டுக்காரர், ஒரு ஜெர்மன் வண்டியை வாங்கினார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். வீட்டுக்கு வந்தால் நாலு தடவை கதவைச் சாத்துவார்: இறங்க, பை எடுக்க, பேனா எடுக்க, சும்மா.

தொப்.

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரிய மாமாவின் கை பாதி வழியில் நின்றுவிட்டது.

“கேட்டீங்களா அண்ணே? கதவா இது? தலகாணி!”

“நம்ம இரும்பு டங்குன்னு வாய் விட்டுப் பேசும் சகலை. ஒன்னோடது வாயப் பொத்திக்கிட்டு இருமுது.”

வீறாப்பாகச் சொன்னாரே தவிர, சோறு இறங்கவில்லை. அடுத்த இரண்டு மாதம் பட்டறையில் வேலை முடிந்த பிறகும் தங்கினார். ஒருநாள் போய்ப் பார்த்தேன். தன் வண்டியின் கதவைப் பிரித்துப்போட்டு, உள்ளே சத்தம் அடக்கும் தார் ஷீட்டை ஒட்டிக்கொண்டிருந்தார். சுற்றிலும் தடித்த ரப்பர்.

“யார்கிட்டயும் மூச்சு விடாதே” என்றார்.

மூத்த அக்காவிடம் மட்டும் விட்டேன். “வயித்தெரிச்சல்டா, வேறென்ன?” என்றாள்.

போன ஞாயிறு, போட்டியில் கடைசியாக மிஞ்சியவர்கள் இரண்டு சகலைகளும்தான். சுவரைப் பார்த்து நின்றார்கள். பின்னால் ஒரு கதவு.

தொப்.

“ஜெர்மன்!” பெரிய மாமா முந்திக்கொண்டார். குரலில் எரிச்சல்.

சின்ன மாமா தலையைச் சாய்த்து யோசித்தார். “ஜெர்மன் இப்படிப் பெருமூச்சு விடாது. இது நம்ம நாட்டு வண்டி.”

இருவரும் திரும்பினார்கள். டயர்க் கடைக்காரர் நின்றது பெரிய மாமாவின் வண்டிப் பக்கத்தில்.

மைதானமே சிரித்தது. “கட்டின பொண்டாட்டிய அடுத்த வீட்டுக்காரின்னுட்டீங்களே அண்ணே!” என்றது ஜப்பான் வரிசை. உள்நாட்டு வரிசைக்காரர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. “நம்ம வரிசையில நின்னுக்கிட்டு உள்ளுக்குள்ள ஜெர்மனா?” என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமா காதுமடல் வரை சிவந்துபோனார்.

சின்ன மாமாவின் ஜெர்மன் வண்டி முன்னால் போனது, நாங்கள் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு. நான் மாமாவின் பக்கத்து இருக்கையில். சிக்னலில் நின்றதும் அவர் தன் பக்கக் கதவைத் திறந்து, மெதுவாகச் சாத்தினார்.

“படிச்சவன் நீ, பொய் சொல்லாதே. அவனோடதவிட நல்லா இருக்கா, இல்லையா?”

“நல்லா இருக்கு மாமா. அதான் தோத்துட்டீங்க.”

முன்னால் நின்ற ஜெர்மன் வண்டியின் கதவு திறந்து மூடியது. கொஞ்சம் பொறுத்து, மறுபடியும்.

இரண்டு மாதத்தில் முதல்முறையாக மாமா சிரித்தார். “பார்த்தியா? இன்னைக்கு அவனுக்கும் சோறு இறங்காது.”