வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கேமரா

எனக்கு முதன்முதலாகக் கிடைத்த கேமரா வேலை செய்யாத கேமரா. குன்றத்தூரில் ஸ்டூடியோ வைத்திருந்த மாமா ஒருநாள் அலமாரியை ஒழித்தபோது, பழைய ஃபிலிம் கேமரா ஒன்றையும் தேதி முடிந்த ஒரு ஃபிலிம் சுருளையும் பையில் போட்டுக்கொண்டு வடக்குப்பட்டுக்கு வந்தார். "பாப்பா வெளையாடட்டும்" என்று என் மடியில் வைத்தார். அப்போது நான் ஆறாம் வகுப்பு, காலாண்டு லீவு.

விளையாட அதில் ஒன்றுதான் இருந்தது. பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு சின்னக் கண்ணாடி 'டக்' என்று மேலே போகும். போனது போனதுதான், இறங்காது. அப்புறம் கண்ணை வைத்துப் பார்த்தால் ஒரே இருட்டு. லென்ஸைக் கழற்றி விரலால் கண்ணாடியைத் தள்ளிவிட்டால் மறுபடி வெளிச்சம் வரும். அழுத்துவதும் தள்ளுவதுமாக ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று.

ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை பார்த்த சித்தப்பா அதை வாங்கி ஒரு குலுக்குக் குலுக்கினார். காதில் வைத்துக் கேட்டார். "டெட் பீஸு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். மிக்ஸியோ மோட்டாரோ, எங்கள் வீட்டில் எது நின்றாலும் அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

அத்தைதான் பேசினாள். அப்பாவின் கடைசித் தங்கை. சுங்குவார்சத்திரத்துப் பக்கம் எலக்ட்ரானிக் போர்டு செய்யும் கம்பெனியில் நான்கு வருடமாக வேலை. சரியில்லையென்று ஒதுக்கிய போர்டுகளில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. அந்த வாரம் மதிய ஷிப்ட். காலையெல்லாம் வீட்டில் இருந்தாள். திங்கட்கிழமை காலை கேமராவைக் கையில் எடுத்தவள் கீழே வைக்கவேயில்லை.

"இத்த ரெடி பண்ணிடலாம்டி. ஆனா வெள்ளிக்கெழமைக்குள்ள முடியணும்."

ஏன் வெள்ளிக்கிழமை என்று நான் கேட்கவில்லை. ரெடி பண்ணலாம் என்ற சொல்லே எனக்குப் போதுமாக இருந்தது.

என் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோளாறுகளை எழுதினாள். ஒன்று, வெளிச்சம் காட்டும் முள் அசையவில்லை. இரண்டு, கண்ணாடி இறங்கவில்லை. "ஒரு தபாவுக்கு ஒண்ணுதான் தொடணும். ரெண்டையும் ஒண்ணா நோண்டினா எதால சரியாச்சின்னே தெரியாது" என்றாள். அடிப்பக்கத்து மூடியை நாணயத்தால் திருகித் திறந்தோம். உள்ளே இரண்டு பொத்தான் பேட்டரிகள் பச்சைப் பூசணம் பிடித்துக் கிடந்தன. என் பேனா ரப்பரால் அந்த இடத்தைப் பளபளவென்று தேய்த்தது நான்தான். மறுநாள் அவள் வாட்ச் கடையில் வாங்கி வைத்திருந்த புதுப் பேட்டரிகளைப் போட்டு, கேமராவில் கண்ணை வைத்து ஜன்னலைப் பார்த்தேன். ஓரத்தில் முள் எழுந்து நின்றது. கையால் லென்ஸை மறைத்தால் விழுந்தது. எடுத்தால் எழுந்தது. நான் போட்ட கூச்சலில், நைட் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்த சித்தப்பா எழுந்து வந்தார்.

வந்தவர் சும்மா போகவில்லை. "ஸ்பிரிங்கு போயிருக்கும். ரெண்டு சொட்டு ஆயில் வுட்டா இறங்கிடும்" என்று ஆயில் டப்பாவோடு உட்கார்ந்தார்.

அத்தை கேமராவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "வாணாம்ண்ணா."

"இருபது டன் பிரெஸ்ஸையே ஓட்டறவன் நானு."

"அது பிரெஸ்ஸு. இதுல ஆயில் வுட்டா கண்ணாடி பாழாயிடும். இன்னா கோளாறுன்னு தெரியாம எதையும் ஊத்தக் கூடாது."

அவளுக்கு அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை. சித்தப்பா டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துபோனார்.

புதன்கிழமை காலை நான் டார்ச்சை அடித்து, லென்ஸ் இல்லாத ஓட்டைக்குள் கண்ணை வைத்துக்கொண்டு, கண்ணாடியை மெதுவாக, மிக மெதுவாக இறக்கினேன். மேல் விளிம்பிலிருந்து கறுப்பாக ஒரு இழை நீண்டு அறுந்தது.

"அத்த, உள்ள பபுள்கம் கீது."

அவள் ஓடிவந்து பார்த்தாள். குச்சியால் தொட்டாள். தார் மாதிரி ஒட்டியது. கண்ணாடி மேலே இடிக்காமலிருக்க வைத்திருந்த ஸ்பாஞ்சு பல வருடத்தில் உருகிப் பசையாகி, போகிற கண்ணாடியைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது. ஸ்பிரிங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அத்தை என் தலையைப் பிடித்து ஆட்டு ஆட்டென்று ஆட்டினாள். "நீ எங்க டேபிளுக்கு வந்துடுடி" என்றாள்.

மெடிக்கலில் ஸ்பிரிட் வாங்கிவந்து, காது குடையும் பஞ்சுக் குச்சியால் கண்ணாடி மேல் படாமல் துளித்துளியாகத் துடைத்தாள். பதினான்கு குச்சிகள் கறுத்தன. பிறகு அழுத்தினாள். கண்ணாடி போனது, வந்தது. ஆனால் மெத்தை இல்லாததால் 'டமார்' என்று இடித்தது. பத்து முறை இடித்தால் உடைந்துவிடும் என்று அத்தை கையைப் பிசைந்தாள். எனக்கு அம்மாவின் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு ஞாபகம் வந்தது. மேலே வெல்வெட், அடியில் பசை. நாலு பெரிய பொட்டை நகம்வெட்டும் கத்தரியால் நீளமாக வெட்டி ஒட்டினோம். 'கிளிக்.' அவ்வளவு மெதுவான, அழகான சத்தம். பின்மூடியின் ஓரத்தில் வெளிச்சம் புகாமல் கறுப்பு உல்லன் நூலை வைத்து ஒட்டினோம். அம்மா பொட்டு அட்டையைத் தேடிக் கத்திக்கொண்டிருந்தது எங்கள் காதில் விழவேயில்லை.

வியாழக்கிழமை ஃபிலிம் போட்டோம். முதல் படம் நான். இரண்டாவது, டெட் பீஸு என்று சொன்ன சித்தப்பா. தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு அவராகவே வந்து நின்றார்.

வெள்ளிக்கிழமை மட்டும் காலை ஷிப்ட் என்று அத்தை கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். என் கேமரா என்று நான் அழுதேன். "சாயங்காலம் குடுத்துடறேன்டி" என்றாள். சொன்னபடி கொடுத்தாள். ஃபிலிம் எண் முப்பத்தாறில் நின்றிருந்தது.

மறுநாளே மாமா ஃபிலிமை வாங்கிப்போய்க் கழுவிப் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்தார். பொட்டு வைத்த கேமரா ஒரு படத்தைக்கூடக் கெடுக்கவில்லை. நான் படங்களைப் பிடுங்கிப் பார்த்தேன். நானும் சித்தப்பாவும் தவிர மற்றதெல்லாம் அத்தையின் சிநேகிதிகள். சங்கரன்கோவில், பரமக்குடி, விளாத்திகுளம் என்று தெற்கேயிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தவர்கள். கேமரா போனைக் கம்பெனிக்குள் விடமாட்டார்கள் என்பதால் எல்லோரிடமும் பட்டன் போன்தான். நீலக் கோட்டோடு டீக்கடை வாசலில், பெட்டி படுக்கையோடு பஸ் ஸ்டாப்பில், ஒவ்வொருத்தியும் தனித்தனியாக. அத்தை ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. "இவங்கள இன்னாத்துக்கு எடுத்த? திங்கக்கெழம போனா பாக்கத்தான போற?"

அத்தை பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "ஆமா இல்ல" என்றாள். பிறகு அடுத்த படத்தைத் திருப்பினாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறந்தது. நான் கிளம்பும்போது அத்தை நைட்டியோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் வந்தபோதும் இருந்தாள். செவ்வாய்க்கிழமையும் இருந்தாள். கம்பெனியில் அவள் வேலை பார்த்த லைனை வெள்ளிக்கிழமையோடு மூடி எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அப்பாவும் சித்தப்பாவும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டதைக்கூட, கேமரா விஷயத்தில் சித்தப்பா தோற்றதைப் பற்றித்தான் என்று நினைத்தேன். இனி தினமும் அத்தையோடு படம் எடுக்கலாம் என்று எனக்கு ஒரே சந்தோஷம். வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன், நமக்கெல்லாம் பத்து நாள்தான், எங்கள் அத்தைக்கு எவ்வளவு பெரிய லீவு விட்டிருக்கிறார்கள் பாருங்கள் என்று.