ஆணி அடிக்கிறவர்

பென்சனுக்கு நாற்பத்துமூன்று வயது. ஓசூர் சிப்காட்டில், காருக்கு வேண்டிய தகட்டுச் சாமான் அடிக்கிற கம்பெனி ஒன்றில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். எதிரே எறும்பு வந்தால்கூட ஒதுங்கி வழிவிடுகிற ஆள். ஆனால் பங்குக்கோயிலில் பிள்ளைகள் அவரை 'ஆணி அடிக்கிற அங்கிள்' என்றுதான் கூப்பிடும். பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில் மைதானத்தில் நடக்கிற பாஸ்கா நாடகத்தில், இயேசுவைச் சிலுவையில் அறைகிற சேவகன் வேஷம் பதினோரு வருஷமாக அவருக்குத்தான்.

அந்த வேஷத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. ஆணியை உள்ளங்கையில் வைப்பதுபோலக் காட்டி, விரலிடுக்கில் வைத்து மரத்தில் இறக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் படுத்திருப்பவன் விரல் நசுங்கிவிடும். பென்சன் ஒருநாளும் பிசகியதில்லை. இயேசுவாகப் படுக்கிற ஆட்டோக்காரர் ஜான்பீட்டர், "பென்சன் அண்ணன் அடிச்சா நான் கண்ணைக்கூட மூடமாட்டேன்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பார்.

இவ்வளவு பதனமான கைதான் பூங்கொடியின் விரல்கள் போகக் காரணமாக இருந்தது.

பூங்கொடி தேன்கனிக்கோட்டைப் பக்கம். இரண்டு வருஷம் அடுத்தடுத்து யானை இறங்கி ராகியை மிதித்துவிட்டுப் போனபிறகு, இனி காட்டு வெள்ளாமையை நம்பிப் பிரயோஜனமில்லை என்று கான்ட்ராக்டில் பிரஸ் மிஷினுக்கு வந்தவள். அந்த மிஷினில் இரண்டு பட்டன். இரண்டையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் தகட்டை அடிக்கிற டை கீழே இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு. ஆனால் அப்படி அமுக்கிக்கொண்டிருந்தால் டார்கெட் எட்டாது. அதனால் சைக்கிள் டியூபைக் கீறி ஒரு பட்டனை இறுக்கிக் கட்டிவிடுவார்கள். அப்போது ஒரு கை அமுக்கும், இன்னொரு கை தகட்டை வைக்கும். ஆய்வுக்கு ஆள் வருகிற அன்று அவிழ்ப்பார்கள், அந்தாள் கேட்டைத் தாண்டியதும் கட்டுவார்கள். ஷிப்ட் இன்சார்ஜ் மோகன்குமார் கண்ணைக் காட்டுவார், பென்சன் கட்டுவார். வருஷத்தில் ஒருநாள் விரலுக்கு அத்தனை பார்க்கிற மனுஷன், மிச்ச நாளெல்லாம் இதைச் செய்துகொண்டிருந்தார் என்றால் என்ன சொல்வது!

தவக்காலம் பாதி கழிந்திருந்தபோது பூங்கொடியின் வலது கையில் இரண்டு விரல் போயிற்று. கம்பெனி வேனில் அவள் கையைத் துண்டில் பொத்திப் பிடித்தபடி ஆஸ்பத்திரிவரை போனவர் பென்சன். அண்ணா, அண்ணா என்று அவள் அரற்றியது அதற்கப்புறம் அவருக்குத் தூக்கத்திலும் கேட்டது.

பெரிய வியாழக்கிழமை மோகன்குமார் அவரைக் கேபினுக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தினார்.

"சனிக்கிழமை ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றாரு, பென்சன். யாராவது ஒருத்தரைச் சிலுவையில அறைஞ்சாத்தான் இது அடங்கும். நீங்களா, அந்தப் பொம்பளையா? நீங்களே சொல்லுங்க."

மேஜையில் டைப் அடித்த தாள் தயாராக இருந்தது. நான் எச்சரித்தும் கேளாமல் பூங்கொடி தானே பட்டனைக் கட்டிக்கொண்டார் என்று பென்சன் சொல்வதுபோல எழுதியிருந்தது.

சிலுவையில் அறைகிறது என்ற அந்த வார்த்தையை மோகன்குமார் டீ குடிக்கிற மாதிரி சொல்லிவிட்டார். அவரைக் குற்றம் சொல்லி என்ன? எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். மேட்ச் தோற்றால் கேப்டனைச் சிலுவையில் அறைகிறார்கள். ஆசாபாசங்களை அறையுங்கள் என்று சாமியார் பிரசங்கம் வைக்கிறார். பென்சனுக்கு மட்டும் முந்தின ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் அவர் மனைவி ஜெபசீலி பிள்ளைகளுக்குச் சொன்னது ஞாபகம் வந்தது. "ரோமாபுரிக் குடிமகனுக்கு அந்தச் சாவு கிடையாது, பாப்பா. அடிமைங்க, கேக்க நாதியில்லாதவங்க, அவங்களுக்குத்தான் அது. போறவன் வர்றவன் எல்லாம் பாத்துப் பயப்படணும்னு ரோட்டோரமா அறைவாங்க." கதவோரம் நின்று கேட்டபோது அது யாருடைய கதையோவாக இருந்தது. இப்போதோ, தான் பர்மனென்ட், அவள் கான்ட்ராக்ட் என்பது மண்டைக்குள் குடைந்தது.

மகள் டெல்பின் நர்சிங் இரண்டாம் வருஷம். இந்த வயதில் வேலை போனால் எந்தக் கேட்டில் போய் நிற்பது? பென்சன் கையெழுத்துப் போட்டார். பயம்தான், வேறு ஒன்றுமில்லை. வீட்டில் சொல்லவில்லை.

மறுநாள் சேவகன் வேஷத்துக்கு மார்க்கவசம் கட்டிக்கொண்டிருக்கும்போது மோகன்குமாரிடமிருந்து போன் வந்தது. "எழுதிக் குடுத்தது போதாதாம். நாளைக்கு ஒன்பது மணிக்கு அந்தம்மா எதிர்லயே நீங்க வாயால சொல்லணுமாம். வந்துருங்க."

மைக்கில் தமிழில் அறிவித்து, கன்னடத்திலும் அறிவித்தார்கள். ஜான்பீட்டரைச் சிலுவைமேல் கிடத்தினார்கள். ஆணியை வைத்துச் சுத்தியலை ஓங்கியபோதுதான், பெண்கள் பக்கம் முதல் வரிசையில் பூங்கொடி உட்கார்ந்திருப்பதை அவர் பார்த்தார். கட்டுப்போட்ட கை மடியில் கிடந்தது.

"அடிங்கண்ணா, கூட்டம் பாக்குது" என்று உதடு அசையாமல் சொன்னார் ஜான்பீட்டர்.

அடித்தார். ஆணி வழக்கம்போல விரலிடுக்கில் சரியாக இறங்கியது. ஜான்பீட்டர் கண்ணை மூடவில்லை. ஒவ்வொரு அடிக்கும் பூங்கொடிதான் தன் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

கூட்டம் கலைந்ததும் அவள் மேடையோரம் வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"நல்லா நடிச்சீங்கண்ணா, பாக்கவே முடியல. நாளைக்கு என்னையும் ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. அந்தப் பெரிய ஆளுங்க முன்னாடி எனக்குப் பேச்சு வராது. கட்டுனது யாரு, கட்டச் சொன்னது யாருன்னு உங்களுக்கு எல்லாம் தெரியும். உங்க பக்கத்துல ஒரு சேர் போட்டு உக்காந்துக்கறேன். நீங்க சொன்னாப் போதும்."

சுத்தியலைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றிருந்த பென்சன், "வாம்மா" என்றார்.